கூட்டி அள்ளிய அரிசி

கறிக்கு வாங்கும் மீனைக்கூட நான் வெட்டுவதில்லை. எங்கள் வீட்டில் அது என் கணவர் நஸீபுடைய வேலை. பின்வளவில் ஒன்பது சிமெந்துத் தொட்டி கட்டி அலங்கார மீன் வளர்க்கிறவள் மீனை அறுக்க மாட்டேன் என்றால் எங்கள் ஊர் அலவத்துகொடையில் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரிக்கட்டும். கையை நீட்டினால் விரலைக் கவ்வ ஓடிவருகிற ஒன்றின் செதிளை அதே கையால் உரிக்க எனக்கு மனம் வராது. ஆனால் அன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு, குசினியில் பலகையைப் போட்டு, கத்தியைக் கல்லில் தேய்த்து, பள்ளியின் ஹவுளில் செத்து மிதந்த கோய் மீன் ஒன்றின் வயிற்றை நானே கீறிப் பிளந்தேன். மீனை ஷொப்பிங் பேக்கில் சுற்றி, த்ரீவீலர் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தவர் நஸீப்தான். கதவோரம் நின்றவர் பள்ளிச் சொத்தைத் திருடிவிட்டு வந்த மாதிரி வியர்த்துப்போயிருந்தார். இதெல்லாம் என்னத்துக்கு என்று இரண்டு தரம் கேட்டார். குப்பையில் போட எடுத்து வைத்த மீன் யாருடைய சொத்தும் இல்லை என்றேன்.

ஹவுள் என்பது பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்கிற பெரிய தண்ணீர்த் தொட்டி. குழாய் வந்த பிறகு பல ஊர்களில் அதை மூடிவிட்டார்கள். எங்கள் பள்ளியில் மூடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் புதிதாக டைல்ஸ் பதித்தபோது, நுளம்பு பெருகாமல் இருக்க மீன் விடுங்கள் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு டசின் கோய்க் குஞ்சு கொடுத்தேன். என் தொட்டியில் இருந்ததிலேயே நல்லதைப் பொறுக்கிக் கொடுத்தேன். பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை என்பதால், கொடுத்தபிறகு அவற்றை நான் கண்ணால் கண்டதில்லை. நஸீப் தொழுதுவிட்டு வந்து சொல்வார். தலையில் சிவப்புப் பொட்டு உள்ளது ஒரு சாண் வளர்ந்துவிட்டது, வெள்ளையும் கறுப்புமானது வுழூச் செய்கிறவர்களின் காலை முத்தமிடுகிறது என்பார். புகுந்த வீட்டில் பெண் நன்றாக இருக்கிறாள் என்று கேள்விப்படுகிற தாய்க்கு இருக்கும் சந்தோஷம் எனக்கும் இருந்தது.

இந்த வருஷம் அந்தப் பேச்சு மாறியது. முதலில் ஒன்றுக்கு முதுகு வளைந்தது. பிறகு இன்னொன்றுக்கு. சிலதுக்கு வயிறு ஊதிச் செதிள் நிமிர்ந்தது. பக்கவாட்டில் சரிந்து, ஒரே இடத்தில் வட்டமடித்து, நாலு சாகவும் செய்தன. ஊரில் கூன் மீன் என்று பேர் வைத்துவிட்டார்கள். நிர்வாகம் தண்ணீரைப் போத்தலில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியது. தண்ணீரில் குறையில்லை என்று வந்தது. தண்ணீரில் இல்லையென்றால் மீனில்தானே இருக்க வேண்டும். மீன் யாருடையது? ஹபீலாவுடையது. இவ்வளவு சுருக்கமாக வழக்கை முடித்துவிட்டார்கள். நோன்புக்கு முன் பள்ளியைக் கழுவிப் பெயின்ட் அடிக்கும்போது ஹவுளை இறைத்து, இருக்கிற மீன்களைக் குழி தோண்டிப் புதைப்பது என்றும், இனிமேல் வீட்டில் வளர்க்கிற மீனைப் பள்ளிக்கு எடுப்பதில்லை என்றும் முடிவு செய்து, அதை ஒரு வெள்ளிக்கிழமை மைக்கிலும் சொன்னார்கள். என் பேரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவை என்ன, ஊரில் மீன் வளர்க்கிறவள் நான் ஒருத்திதான்.

மைக்கில் சொன்னது கண்டிக்குப் போய்ச்சேர அதிக நேரம் எடுக்கவில்லை. என் மீனை வாங்கி விற்பவர் கிருஷ்ணராஜ். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, டவுனுக்கு வந்து, சின்னதாக மீன் கடை போட்டு முன்னுக்கு வந்தவர். என்னை அக்கா என்பார். எங்கள் ஊர் ஆட்கள் தினமும் கண்டி பஸ்ஸில் போய் வருகிறவர்கள், அவருடைய கடையில் மீன் பார்க்கிறவர்கள். இது அலவத்துகொட மீனா, வேண்டாம், நோய் மீன் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டுப் போனால் போதாதா. அந்த வாரம் வேன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. போன் எடுத்தால், கொஞ்ச நாளைக்குப் பொறுத்துப் பார்ப்போம் அக்கா என்றார். விற்கவேண்டிய குஞ்சுகள் தொட்டியில் நெருங்கிக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறின. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழியைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பவள் இல்லை நான். செத்த மீனைக் கொண்டுவாருங்கள் என்று நஸீபை அனுப்பியது அதனால்தான்.

இப்போது பலகையில் கிடந்த மீனுக்கு வருகிறேன். ஈரல் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். அது பழைய மாஜரீன் நிறத்தில், விரல் பட்டதும் குழைந்தது. குடல் நிறைய அரிசி. அரிசி என்றால் ஒரே அரிசி இல்லை. சிவப்பரிசி, வெள்ளையரிசி, சம்பா, அதற்கு நடுவில் பாதிப் பருப்பு, ஒரு கௌபிப் பயறு, கொத்தமல்லி, வெந்தயம். இவ்வளவும் ஒன்றாகக் கிடக்கிற பானை எந்த வீட்டிலும் இல்லை. இவை ஒன்றாகக் கிடக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான், பலசரக்குக் கடையின் நிலம்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியதும் கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஹவுள் மீனுக்குத் தீனி கொடுப்பவர் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார். சந்தியில் இருக்கிற பலசரக்கு மொத்தக் கடை அவருடையது. மூட்டை அவிழ்க்கும்போதும் நிறுக்கும்போதும் சிந்துகிற தானியத்தை அவர் குப்பைக்கு விடமாட்டார். அல்லாஹ் தந்த ரிஸ்க்கை, அந்த உணவைக் காலில் மிதித்துக் குப்பையில் கொட்டுவது பெரிய பாவம் என்று அவருடைய வாப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம். கடை மூடும்முன் நிலத்தைக் கூட்டி, அள்ளி, ஒரு சாக்கில் சேர்ப்பார்கள். முன்பு அது கோழி வளர்க்கிற வீடுகளுக்குப் போனது. பள்ளியில் மீன் வந்ததிலிருந்து ஹவுளுக்குப் போகிறது. தொழுதுவிட்டு வருகிறவர்கள் சாக்கில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போடுவார்கள். மீனுக்குப் பசி தீரும், போட்டவருக்கு நன்மை, கொடுத்த ஹாஜியாருக்கும் நன்மை. இதில் யார் என்ன பிழை காண முடியும்?

மறுநாள் நஸீப் அந்தச் சாக்கிலிருந்து ஒரு பையளவு கொண்டுவந்தார். பழைய பத்திரிகையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். தானியத்தை அள்ளிய பிறகு கடதாசியில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. மாவு என்று நினைக்கலாம். மூக்குக் கிட்டக் கொண்டுபோனால் மாவு இல்லை. கரப்பானுக்கும் வண்டுக்கும் மூலையில் போடுகிற பவுடர். முந்தின நாள் மீனை அறுத்தபோதே அந்த மணம் வந்ததாக எனக்குப் பட்டது, ஆனால் அது மீனில் இருந்ததா என் நினைப்பில் இருந்ததா என்று சத்தியமாகத் தெரியாது. கடதாசியில் இருந்தது சந்தேகமில்லாமல் அதுதான்.

சீனி வாங்குகிறவள் மாதிரிக் கடைக்குப் போனேன். மூட்டைகள் பலகைத் தட்டுகளின் மேல் அடுக்கியிருந்தன, சுத்தமாகத்தான் இருந்தன. தட்டுக்கு அடியில், சுவரோரமாக, வெள்ளைக் கோடு இழுத்த மாதிரிப் பவுடர் போட்டிருந்தது. கடை ஆள் ஒருவர் கூட்டுகிற தும்புத்தடியை அந்தத் தட்டுக்கு அடியில் நுழைத்து இழுத்தார். சிந்திக் கிடந்த அரிசியும் வெள்ளைக் கோடும் ஒன்றாகத்தான் வெளியே வந்தன. அவர் ஒரு பருக்கைகூட விடாமல் அள்ளினார். அள்ளியதைச் சாக்கில் கொட்டினார்.

ஹாஜியார் காசு மேசைக்குப் பின்னால் தன் கதிரையில் இருந்தார். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, மரியாதையாக, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். மூலைப் பவுடர் அரிசியோடு சேர்ந்து மீனின் வயிற்றுக்குப் போகிறது, தினம் தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது, அதனால்தான் முதுகு வளைகிறது, ஈரல் கெடுகிறது என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"புள்ள, இந்தக் கடை அரிசியத்தான் ஊரே திங்கிற. ஆருக்கு என்ன நடந்த?"

"மூட்டைக்குள்ள ஈக்கிற அரிசிய நான் செல்லல்ல ஹாஜியார். நெலத்துல கெடக்கிறதத்தான் செல்ற."

அவர் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். பவுடர் பூச்சிக்குப் போடுவது, மீன் என்ன பூச்சியா என்று கேட்டார். வாப்பாவின் காலத்திலிருந்து நடக்கிற ஸதகா, தருமம் இது, இதுவரை ஒரு கோழி செத்ததில்லை என்றார். பிறகு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் புத்தி சொல்கிற மாதிரி அன்பாகச் சொன்னார். "ஒங்கட மீன் சொகமில்லாத மீன் எண்டு ஒத்துக்கோங்க. அதுல வெக்கப்பட ஒண்டும் இல்ல."

சீனியை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஹாஜியார் கெட்ட மனிதர் என்றால் எனக்கு வேலை லேசாக இருந்திருக்கும். கொரோனாக் காலத்தில் எங்கள் பாதையில் ஒரு வீடு விடாமல் அரிசி, பருப்பு, மா அனுப்பியவர் அவர். நஸீபுடைய த்ரீவீலருக்கு ஹயர் இல்லாத அந்த மாதங்களில் நானும் அந்தச் சோற்றைத்தான் தின்றேன். அதை மறக்கவில்லை. ஆனால் சோறு தந்தவர் என்பதற்காக அவர் சொல்கிற பொய்யை என் மீனின் தலையில் கட்டவிட வேண்டுமா? அதுவும் அவருக்குப் பொய் என்றே தெரியாத பொய். அதை உடைப்பதுதான் பெரிய பாடு.

நான் கடைக்குப் போன கதை எனக்கு முன்னால் சந்திக்குப் போய்விட்டது. பள்ளி நிர்வாகத்தில் இருக்கிற இப்ஹாம், இளம் ஆள்தான், த்ரீவீலர் ஸ்டாண்டில் நஸீபைப் பிடித்து, வீட்டில் கொஞ்சம் சொல்லி வையுங்கள், ஸதகாவில் நஞ்சு இருக்கிறது என்றால் ஊர் என்ன நினைக்கும் என்று கேட்டாராம். நஸீப் வீட்டுக்கு வந்து தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"ஹாஜியார்ட ஸதகாவுல பிழை செல்ல நாம ஆரு, ஹபீலா?"

"ஸதகாவுல நான் பிழை செல்லல்ல. பவுடர்லதான் செல்ற. ரெண்டும் ஒண்டு எண்டு நெனக்கிறது நீங்கதான்."

 ஊரோடு சண்டை பிடித்துக்கொண்டு ஊரிலேயே த்ரீவீலர் ஓட்ட முடியாது என்பது நஸீபுடைய கவலை, அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வாயால் சொல்லி இனி யாரையும் நம்பவைக்க முடியாது என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. கண்ணால் காட்ட வேண்டும். நோன்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

ஒரே தாய் போட்ட முட்டையில் பொரித்த குஞ்சுகளில், ஒரே அளவாக ஆறு எடுத்தேன். நடு விரல் நீளம், வெள்ளையில் செம்மஞ்சள் திட்டு. பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் மூன்று மூன்றாக விட்டேன். இரண்டுக்கும் மலையிலிருந்து குழாயில் இறங்குகிற ஒரே ஊற்றுத் தண்ணீர், ஜம்பு மரத்தின் ஒரே நிழல். வலப்பக்கத் தொட்டிக்கு என் தீனி. நெத்தலித் தூளும் தவிடும் அவித்த முருங்கையிலையும் சேர்த்துப் பிசைந்து, இடியப்ப உரலில் பிழிந்து காயவைப்பேன். உம்மா தந்த அந்த உரலில் மீனுக்குப் பிழிகிறேன் என்று என் கூடப்பிறந்த ராத்தா என்னோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தாள். இடப்பக்கத் தொட்டிக்கு ஹாஜியாருடைய சாக்கிலிருந்து ஒரு பிடி, பள்ளியில் போடுகிற மாதிரியே, கழுவாமல், அரைக்காமல்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இடப்பக்க மீன்கள் இன்னும் ஆவலாகத் தின்றன. வேறு வேறு ருசி அல்லவா. நஸீப் தொட்டியை எட்டிப்பார்த்துவிட்டு, நல்லாத்தானே ஈக்கி என்றார். எனக்குள்ளும் ஒரு பயம் வந்தது. நான் பிழையாக இருந்தால்? உண்மையிலேயே என் மீனின் வம்சத்தில்தான் கோளாறு என்றால்? அந்த நாட்களில் தொழுதுவிட்டுத் துஆக் கேட்கக் கை தூக்கினால் என்ன கேட்பது என்றே தெரியாது. அந்த மூன்று மீனும் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டால் நான் தோற்பேன். நோய்ப்பட வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? கையை வெறுமனே விரித்துவைத்துக்கொண்டு இருந்துவிட்டு எழும்பிவிடுவேன்.

மூன்றாம் வாரம் ஒன்று தீனிக்கு வரப் பிந்தியது. பிறகு மூன்றும் பிந்தின. செட்டையை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, தண்ணீர் விழுகிற இடத்தில் போய் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. நிறம் மங்கியது. வலப்பக்கத்து மீன்கள் ஒரு விரற்கடை கூட வளர்ந்துவிட்டபோது, இவை அப்படியே நின்றுவிட்டன. ஒரு நாள் காலை, அதிலொன்று திரும்பும்போது முதுகு திரும்பாமல் வால் மட்டும் திரும்பியதைக் கண்டேன். கையில் தீனி அளக்கிற சுண்டு இருந்தது. என் கணக்குச் சரியென்று தெரிந்த அந்தக் காலையில் நான் ஜம்பு மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். கை வந்தால் தீனி வந்தது என்று அவற்றைப் பழக்கியது நான். அந்தக் கையை நம்பித்தான் மூன்றும் வாயைத் திறந்தன. ஊர் எனக்குச் செய்ததைவிட நான் அவற்றுக்குச் செய்தது பெரிய அநியாயம். அழுது முடித்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு, அன்றைய பிடியையும் போட்டேன். பாதியில் விட்டால் அந்த மூன்றும் வீணாகக் கெட்டதாக ஆகிவிடும்.

அந்த வாரம்தான் கிருஷ்ணராஜ் வந்தார். வேனில் இல்லை, மோட்டார் சைக்கிளில். வெறும் கையோடு வரக் கூச்சப்பட்டு ஒரு பிஸ்கட் பெட்டி கொண்டுவந்திருந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, தனக்கும் வேறு வழியில்லை என்று வெகுநேரம் சுற்றிவளைத்தார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார். மீனில் பிழையில்லை என்பது தனக்குத் தெரியும், ஊர் பேர்தான் பிரச்சினை என்றார்.

"கடுகண்ணாவ மீன்னு சொல்லி வித்துறலாம் அக்கா. யாரு கேக்கப்போறாங்க. நீங்க எப்பவும்போல குடுங்க, நான் எப்பவும்போல எடுக்கிறேன்."

நஸீப் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு இது நல்ல யோசனையாகப் பட்டது. நெருங்கிக் கிடக்கிற தொட்டிகள் காலியாகும், சந்தியில் சண்டை இருக்காது, கதை தானாக ஆறிப்போகும். எனக்கு என்னவோ, பெற்ற பிள்ளைக்கு வேறு ஆளின் பேரைப் போட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொன்ன மாதிரி இருந்தது.

"என்ட மீன் அலவத்துகொட மீன், தம்பி. அது எங்க பொரிச்சதோ அந்தப் பேர்லதான் போகும். இல்லாட்டி போகத் தேவல்ல."

பிறகு அவரைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு தொட்டியையும் காட்டி, இரண்டு தீனியையும் காட்டினேன். அவர் குந்தியிருந்து, இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே குஞ்சா என்று கேட்டார். ஒரே தாய் என்றேன். மீன் விற்கிறவர்தானே, அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டு, சிமெந்துத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் யாருக்கும் காட்ட முடியாது, கடையிலிருந்து இரண்டு கண்ணாடித் தொட்டி அனுப்புகிறேன் என்றார். பிஸ்கட் பெட்டியைப் பற்றி நினைவு வந்தவராக, அதை நஸீபுடைய கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நோன்புக்கு முந்தின கடைசி வெள்ளிக்கிழமை. மறுநாள் சனி, ஹவுளை இறைக்கிற நாள். விடிந்ததிலிருந்து நான் நஸீபிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கண்ணாடித் தொட்டியிலும் ஊற்றுத் தண்ணீர் பிடித்து, மூன்று மூன்று மீனை மாற்றி, ஹாஜியாருடைய சாக்கில் மிச்சமிருந்ததை ஒரு பையில் கட்டி வைத்துக்கொண்டு, அபாயாவை உடுத்து வாசலில் நின்றேன். தூக்கிக்கொண்டு நடந்தாவது போவேன் என்பது அவருக்குத் தெரியும். அவர் வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டு வந்தார். என்னைப் பார்த்தார், தொட்டிகளைப் பார்த்தார். பிறகு குனிந்து, கூன் மீன் இருந்த தொட்டியைத் தூக்கித் த்ரீவீலரின் பின்சீட்டில் தண்ணீர் தளும்பாமல் வைத்தார். அடுத்ததையும் வைத்தார். நான் நடுவில் ஏறி இரண்டையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டேன். வழியில் இருந்த ஒவ்வொரு குழிக்கும் அவர் வண்டியைத் தவழவிட்டார். அந்த மனிதரின் மேல் எனக்கு அவ்வளவு அன்பு வந்தது.

பள்ளிக் கேட்டுக்கு வெளியே, பாதையோர மதிலின் மேல் இரண்டையும் வைத்துவிட்டு அவர் தொழப் போனார். நான் நின்றேன். வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் அங்கே ஒரு பெண் நிற்பதை ஊர் கண்டதில்லை. பஸ்ஸில் போனவர்கள்கூடக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று தோன்றியது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நகரவில்லை.

தொழுகை முடிந்து ஆட்கள் இறங்கினார்கள். முதலில் வந்தவர்கள் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். நின்றவர்களைப் பார்த்து இன்னும் ஆட்கள் நின்றார்கள். இப்ஹாம் வேகமாக வந்து, இது பள்ளி, இங்கே இதையெல்லாம் வைக்க ஏலாது என்றார். நான் நிற்பது பாதையில், மதில் பாதை இலாகாவுடையது என்றேன். யாரோ ஒருவர் இடப்பக்கத் தொட்டியைக் காட்டி, நம்மட ஹவுள்ல ஈக்கிற மாதிரியே கூன் மீன் என்றார். இன்னொருவர், மற்றதில் ஒன்றும் இல்லையே என்றார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஹாஜியார் வந்தபோது வழிவிட்டார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முகத்தைக் கண்ணாடித் தொட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனார். வளைந்த முதுகோடு ஒரு மீன் அவருக்கு முன்னால் சரிந்து, நிமிர முயன்று, மறுபடி சரிந்தது. 

"ரெண்டும் ஒரே தாய்ட குஞ்சு ஹாஜியார். ஒரே தண்ணி. இதுக்கு என்ட தீனி போட்ட. அதுக்கு ஒங்கட சாக்கு அரிசி போட்ட. வேற ஒண்டும் இல்ல."

சொல்லிவிட்டுப் பையை அவிழ்த்து அவருக்கு முன்னால் நீட்டினேன்.

"நான் பொய் செல்ற எண்டா, இந்த நல்ல மீனுக்கு ஒங்கட கையால ஒரு பிடி போடுங்க. போட்டீங்க எண்டா நாளைக்கு ஹவுள எறைக்கிற நேரம் என்ட ஒன்பது தொட்டியையும் நானே ஒடைச்சிப்போடுற."

நஸீப் கூட்டத்துக்குள் நின்று என்னைப் பார்த்த பார்வை தெரிந்தது. இப்படிச் சொல்வேன் என்று அவரிடம் சொல்லவில்லை. எனக்கே தெரியாது. ஒரு பிடியில் எந்த மீனும் சாகாது. ஹாஜியார் போட்டால் அவை தின்றுவிட்டுச் சும்மா நீந்தும், ஊர் சிரிக்கும், நான் தோற்றுவிடுவேன். அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் கூனலைக் கண்ணால் கண்டபிறகும் ஒரு மனிதரால் போட ஏலுமா என்பதை நான் பார்க்க வேண்டியிருந்தது. கொரோனாவில் எங்களுக்குச் சோறு தந்த கை அது. அந்தக் கையை நான் நம்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஹாஜியார் பைக்குள் கையை விட்டார். ஒரு பிடி அள்ளினார். வாய்க்குள் பிஸ்மி சொன்னது அவருடைய உதட்டில் தெரிந்தது. கையை வலப்பக்கத் தொட்டிக்கு மேலே கொண்டுவந்தார். கை வந்ததும் அந்த மூன்று மீனும் அடியிலிருந்து எழும்பி வந்துவிட்டன. அவற்றுக்கு ஊரும் தெரியாது, ஹாஜியாரும் தெரியாது. தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

பிடி திறக்கவில்லை. அவருடைய கை தொட்டிக்கு மேலே அசையாமல் நின்றது. வயதான விரல்கள், எவ்வளவுதான் இறுக்கினாலும் இடுக்கு விழும். சுண்டுவிரலுக்கு அடியிலிருந்து நாலைந்து பருக்கை நழுவியது. நான் யோசிக்கவேயில்லை. என் கை தானாகப் போய்த் தண்ணீருக்கு மேலே விரிந்து, விழுந்ததை ஏந்திக்கொண்டது. சிவப்பரிசி இரண்டு, உடைந்த பருப்பு ஒன்று, கொஞ்சம் வெள்ளைத் தூள். ஹாஜியார் தன் மூடிய கையைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே விரிந்திருந்த என் கையைப் பார்த்தார். நான் கையை எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. எங்கள் இரண்டு கைகளின் நிழலுக்குள் மூன்று மீனும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தன.